பெட்டிக்கு முன்னாடி இருக்கிற கேபிள்

“முன்னாடின்னா எந்த முன்னாடி? நீ சொன்ன முன்னாடியா, நான் கேட்ட முன்னாடியா?”

“முன்னாடின்னா முன்னாடிதான் பூபாலா. ஊருக்கெல்லாம் ஒண்ணு, உனக்கு மட்டும் தனியா ஒண்ணா?”

“எங்க வூட்ல முன்னாடின்னா வாசப்பக்கம். உங்க வூட்ல இன்னான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

திருவிடந்தையில் கடலை ஒட்டி இருக்கிற ஒரு ரிசார்ட்டின் கண்ட்ரோல் அறையில் நின்று ரூத் போனில் கத்தினாள். தோப்புக்கு அந்தப் பக்கம், மேடைக்குப் பின்னால் நின்று பூபாலன் போனில் கத்தினான். போன் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காதை நீட்டினார்கள். புருஷன் பெண்டாட்டி என்றே நினைத்தார்களாம். நினைத்ததில் தப்பில்லை. அந்தச் சாயங்காலம் மட்டும் ஒழுங்காக நடந்திருந்தால் ஆகியிருக்க வேண்டியவர்கள்தான்.

சண்டைக்குக் காரணம் மேடையில் இருந்த பெரிய எல்.இ.டி. சுவர். கண்ட்ரோல் அறையிலிருந்து அதற்குப் படம் போக வேண்டும். போனது, ஆனால் கண்ணைச் சிமிட்டியது. கொஞ்ச நேரம் பளிச்சென்று இருக்கும். திடீரென்று சுவர் முழுக்கக் கறுத்துவிடும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி படம் வந்து நிற்கும், திருட்டுத்தனம் பண்ணிவிட்டு வந்த பூனை போல.

படம் கம்பிக்குள் படமாகப் போவதில்லை. ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று ஒற்றை வரிசையில், கண் மூடித் திறப்பதற்குள் கோடிக்கணக்கில் ஓடுகிறது. தூரம் கூடக்கூட வரிசை களைத்துப் போகும். எது ஒன்று, எது பூஜ்யம் என்று தெரியாமல் குழைந்துவிடும். அதனால் நடுவழியில் ரிப்பீட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள். களைத்து வந்ததைத் தூக்கி நிறுத்தி மேலே அனுப்புவது அதன் வேலை. எவ்வளவு தூக்க வேண்டும் என்பதை நாம்தான் அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். குறைவாகத் தூக்கினால் போய்ச் சேராது. அதிகமாகத் தூக்கினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் மைக் வைத்துப் பேசுகிற கதைதான். சத்தம் இருக்கும், பேச்சு இருக்காது.

இந்தப் பெட்டிகளில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, வந்ததைப் புரிந்துகொண்டு புதிதாகத் திருத்திச் சொல்லும். இன்னொன்று, வந்ததை வழியில் ஒட்டிய குப்பையோடு சேர்த்துச் சத்தமாக்கி அனுப்பும். எங்கள் தெரு இட்லிக்கடை கன்னியம்மா இரண்டாவது தினுசு. அவள் காதில் விழுந்த சேதி, கல்லில் எண்ணெய் காயும் சத்தத்தோடு சேர்ந்துதான் அடுத்த வீட்டுக்குப் போகும். இவர்கள் முதலாளி வாசுதேவன் வாங்கிப் போட்டதும் இரண்டாவது தினுசுதான். முதல் தினுசு கிடைக்கவில்லை என்றார்.

வாசுதேவன் கல்பாக்கத்தில் வேலையாக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, செங்கல்பட்டில் எங்கள் தெருமுனை மாடியில் இரண்டு அறை பிடித்துக் கம்பெனி ஆரம்பித்தவர். நீளமான கேபிள்களுக்கு ரிப்பீட்டர் வைத்துக் கொடுப்பதுதான் தொழில். ஃபைபர் என்கிற கண்ணாடி இழையில் போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று யாராவது கேட்டால் அவருக்கு முகம் சிவந்துவிடும். செம்புக் கம்பியில் முடியாதது ஒன்றும் இல்லை என்பார். எந்தக் கேபிளுக்கு எவ்வளவு தூக்க வேண்டும் என்று அவரிடம் கணக்குப் போடுகிறவள் ரூத், பெட்டி கட்டுகிறவன் பூபாலன். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து, தனித்தனியாக மாடி ஏறுவார்கள். தெருவுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு.

ரூத்தின் அம்மா மார்கரெட் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். விஷயம் தெரிந்ததும் அவள் குதிப்பாள் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். பையன் கோயிலுக்குப் போகிறவன், இவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் மார்கரெட் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. “சாமி கதையை அப்புறம் பேசிக்கலாம். பையன் ஊரோட இருக்கணும், அதான் எனக்கு வேணும்” என்றாள். அவள் புருஷன் மஸ்கட்டில் கொத்தனார் வேலை பார்த்தவர். இருந்த காலத்தில் பாதிக்கு மேல் போன் குரலாகத்தான் வீட்டில் இருந்தார். கடைசியாக வந்தபோது பெட்டியில் வந்தார். அதற்குப் பிறகு விமானச் சத்தம் கேட்டாலே மார்கரெட் எழுந்து ஜன்னலைச் சாத்துவாள்.

பூபாலனுக்கோ பினாங்கில் அக்கா புருஷன் ஒரு தொழிற்சாலையில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு, எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாசுதேவன் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்: இந்த ரிசார்ட்காரர்களுக்குக் கடப்பாக்கம் வரைக்கும் கடலோரமாக இடங்கள் இருக்கின்றன. இது தேறினால் எல்லாம் நமக்கு, பூபாலன் கம்பெனியில் பங்காளி. தேறவில்லையென்றால் மாடிக்குப் பூட்டுதான்.

தேறுவதென்றால், சென்னையிலிருந்து வருகிற அதிகாரி எதிரில் படம் ஒரு மணி நேரம் அணையாமல் நிற்க வேண்டும். நின்றால் பூபாலன் ஊரோடு இருப்பான், கல்யாணம். அணைந்தால் பினாங்கு. இதைக் கன்னியம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். அந்த ஒரு மணி நேரத்துக்காக உபவாசம் இருந்தவர்கள்கூட எங்கள் தெருவில் உண்டு. மார்கரெட்டும் இருந்தாள். எதற்காக இருந்தாள் என்பது அவளுக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும்.

ரிசார்ட்டுக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால், கல்யாணம் ஆகாதவர்கள் மாலையோடு சுற்றி வருகிற பெருமாள் கோயில். காலையில் வந்து இறங்கியதுமே பூபாலன், ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டான். கேபிளை ஒழுங்காகச் சுத்து, அது போதும் என்றாள் ரூத். அப்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மத்தியானத்தில்தான் சிரிப்பு போயிற்று. வழியில் இரண்டு பெட்டிகள், போன வாரமே கொண்டுவந்து வைத்தவை. கண்ட்ரோல் அறையிலிருந்து தென்னை மரத்தடிக் குழியில் இருக்கும் முதல் பெட்டிக்குக் கொஞ்ச தூரம்தான். அங்கிருந்து பம்ப் ரூமில் இருக்கும் இரண்டாவது பெட்டிக்கு ரொம்ப தூரம். அதற்கப்புறம் மேடைக்கு மறுபடியும் கொஞ்சம். எந்தப் பெட்டியும், தன்னிடம் வந்து சேர்ந்த வழியில் களைத்ததைத்தான் தூக்க வேண்டும். ஆகவே முதல் பெட்டி கொஞ்சமாகத் தூக்க வேண்டும், இரண்டாவது பெட்டி பலமாகத் தூக்க வேண்டும். இதைத்தான் ரூத் போன மாதம் இங்கே நின்று அளந்து பார்த்துவிட்டு, செங்கல்பட்டு மாடியில் இருந்த பூபாலனுக்குப் போனில் சொன்னாள். பெட்டிக்கு முன்னாடி எந்தக் கேபிள் இருக்கோ, அதுக்கு ஏத்த மாதிரி வை.

அவளுக்கு முன்னாடி என்றால், பெட்டிக்கு வருவதற்கு முன்னாடி. அவனுக்கு முன்னாடி என்றால், பெட்டியாக நின்று மேடையைப் பார்த்தால் கண்ணெதிரே நீண்டு போவது. அவனும் யோசிக்காமல் செய்யவில்லை. பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, மேடையும் கடலும் இருக்கிற கிழக்குத் திசையைப் பார்த்து நின்றுகூடப் பார்த்திருக்கிறான். முதல் பெட்டிக்குப் பலம், இரண்டாவதுக்குக் கொஞ்சம் என்று, அளவைச் சொல்லி வைக்கிற ஜம்பர் துண்டை உள்ளே மாட்டினான். மாடியில் சோதனை பண்ணியபோது இரண்டு பக்கமும் ஒரே நீளக் கேபிள்தான் கைவசம் இருந்தது. முன்னாடியும் பின்னாடியும் ஒன்றாக இருக்கிற இடத்தில் எந்தத் தப்பும் தெரியாது. படம் சூப்பராக வந்தது. வாசுதேவன் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ரெசினை ஊற்றி மூடினார்கள். கடல் காற்றின் உப்பு பித்தளையையே பச்சையாக்கித் தின்றுவிடும் என்று, பெட்டி முழுக்கக் கல் மாதிரி இறுகிப்போகிற ரெசின். யாரும் நோண்டக் கூடாது என்பது வாசுதேவனின் உத்தரவு. இப்போது அவரே நினைத்தாலும் நோண்ட முடியாது.

“சரி உடு,” என்றான் பூபாலன் போனில், குரல் இறங்கி. “பெட்டி ரெண்டையும் இடம் மாத்தி வச்சா முடிஞ்சுது. அரை மணி நேர வேலை.”

ரூத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. உண்மைதான். பலமான பெட்டி பம்ப் ரூமுக்குப் போக வேண்டும், பலமில்லாதது மரத்தடிக்கு வர வேண்டும். கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. ஓட்டமும் நடையுமாகத் தென்னை மரத்தடிக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குழியின் மூடிமேல் புதிதாகக் கருங்கல் பாவியிருந்தார்கள். கல்லின் நடுவில் ஒரு துளை விட்டு, அதில் மூங்கில் நட்டு, மாவிலை கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மஞ்சள் துணி முடிந்திருந்தார்கள். மறுநாள் அங்கே யாருக்கோ கல்யாணம். அன்று காலையில்தான் பந்தக்கால் நட்டிருக்கிறார்கள்.

ரிசார்ட் மேனேஜர் ஜெயக்குமார் நல்ல மனுஷன். தலையைச் சாய்த்து முழுசாகக் கேட்டார். அரை மணி நேரத்தில் கல்லைத் தூக்கிப் பழையபடி வைத்துவிடுவதாக ரூத் சொன்னாள், வாசுதேவனுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள், வேண்டுமென்றால் ஐயரைக் கேட்டுக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

“மேடம், நீங்க சொல்றது புரியாம இல்ல,” என்றார் ஜெயக்குமார். “நட்ட காலைப் புடுங்கினா, பொண்ணு வூட்டுக்காரங்க என்னைப் புடுங்கி நட்டுடுவாங்க. கல்யாணம் முடியட்டும், நானே கடப்பாரை எடுத்துக்கினு வரேன்.”

“சோதனை இன்னிக்கு சார்.”

“கல்யாணம் நாளைக்கு மேடம்.”

அவர் அவளுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். யாரோ ஒரு பெண்ணின் பந்தக்கால் தன் பெட்டிமேல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே ரூத் அந்த மோரைக் குடித்தாள். உப்பு போட்டிருந்ததா இல்லையா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

சென்னைக்காரர் நான்கு மணிக்கு வந்துவிடுவார். அதற்குள் வாசுதேவன் செங்கல்பட்டிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தார். வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மூங்கிலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கும்பிடுவதா உதைப்பதா என்று தெரியாத முகம். அப்புறம் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ரூத்தின் கையில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கண்ட்ரோல் அறையில், படம் கிளம்புகிற இடத்தில், அனுப்பும் வேகத்தையும் பலத்தையும் லேப்டாப்பிலிருந்து மாற்றலாம். வேகத்தைப் பாதியாக்கினால் படம் அசையாமல் நின்றது. ஆனால் முகமெல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி இருந்தது. முழுத் தெளிவோடுதான் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே வேகத்தை ஏற்றிவிட்டு, பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பார்த்தாள். முதல் பெட்டி அதிகமாகத் தூக்கப்போகிறது என்றால், அதற்குக் குறைவாகக் கொடுத்தால் சரியாகிவிடும் அல்லவா? ரொம்ப இறக்கினால், பம்ப் ரூமுக்குப் போய்ச் சேரும்போது ஒன்றும் மிஞ்சாது. ஏற்றினாள், இறக்கினாள். ஒரு இடத்தில் படம் நின்றது. அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு இம்மி, அந்தப் பக்கம் ஒரு இம்மி போனால் கறுப்பு. அந்த இம்மிக்குள்தான் அவளுடைய கல்யாணம் இருந்தது.

கையை லேப்டாப்பிலிருந்து எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கென்று புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூச்சு பலமாக விட்டால் அணைந்துவிடுமோ என்று, எழுந்து வெளியே வந்து நின்றாள்.

சோதனை ஆரம்பித்தது. சுவரில் ஏதோ வெளிநாட்டுப் பறவைகள் நீந்திக்கொண்டிருந்தன. சென்னைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து போனை மேய்ந்தார், அவ்வப்போது தலையைத் தூக்கிப் பறவைகளைப் பார்த்தார். பூபாலன் மேடைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வாசுதேவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சமையல்காரப் பெண்களுக்கும் விஷயம் எப்படியோ எட்டியிருந்தது. ஒவ்வொருத்தியாக வந்து வரிசையில் நின்றார்கள். பாதி நேரம் போனது. பறவைகள் கரையேறி, இறக்கையை உதறி, மறுபடியும் நீந்தப் போயின. பூபாலன் தலையைத் திருப்பி ரூத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் மத்தியானம் போயிருந்த சிரிப்பு ஒரு ஓரமாகத் திரும்ப வந்திருந்தது. அவளும் பார்த்தாள். அந்தப் பெண்கள்தான் பிற்பாடு இதைச் சொன்னார்கள்; ஒரே பஸ்ஸில் வந்துபோன நான்கு வருஷத்தில், ஊர் பார்க்க அவர்கள் ஒருவரை ஒருவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. வெயில் தாழ்ந்துவிட்டது. தோட்டக்காரர் வழக்கம் போல் பம்ப் ரூம் பக்கம் நடந்தார், புல்லுக்குத் தண்ணீர் விட. அவர் தினமும் செய்கிற வேலை. அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. ரூத்துக்குத்தான் முதலில் உறைத்தது. பலவீனமான பெட்டி, அதற்கு ரொம்ப தூரம் களைத்து வருகிற வரிசை, பக்கத்தில் மோட்டார். கிளம்பும்போது மோட்டார் போடுகிற இரைச்சலையும் பெட்டி சேர்த்துத் தூக்கும். எது படம், எது இரைச்சல் என்று அதற்குத் தெரியாது. அவள் மேடைப் பக்கம் திரும்பினாள். பம்ப் ரூமைக் காட்டிக் கையை ஆட்டினாள். பூபாலன் அதைப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

அவன் பாதி தூரம் போனபோது மோட்டார் உறுமியது. சுவர் கறுத்தது.

படம் திரும்ப வந்துவிட்டது, அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. சென்னைக்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டார் போடாமல் ரிசார்ட் நடத்த முடியுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. கண்ணாடி இழைக்காரர்கள் ஏற்கெனவே விலை சொல்லியிருக்கிறார்கள், குழி தோண்டாமல் இரவோடு இரவாகத் தரைக்கு மேலேயே இழையை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அவருக்கு வேறு எந்தக் கதையும் தெரியாது.

அவர் போனபிறகு வாசுதேவன் எழுந்து வந்து, எப்படி மாறிப்போச்சு என்று கேட்டார். யார் என்று கேட்கவில்லை.

“நான்தான் சார் முன்னாடின்னு சொன்னேன்,” என்றாள் ரூத்.

“அவ சரியாத்தான் சார் சொன்னா. நான்தான் திரும்பி நின்னுக்கினு கேட்டேன்,” என்றான் பூபாலன்.

மத்தியானம் ஒருத்தர்மேல் ஒருத்தர் போட்ட பழியை, இப்போது ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தன்னிடம் இழுத்துக்கொண்டார்கள். வாசுதேவன் இரண்டு பேரையும் பார்த்தார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, பார்த்து வீடு போய்ச் சேருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ரூத்துக்கு.

ஈ.சி.ஆர். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். எதிர்ப் பக்கத்தில் கோயிலிலிருந்து கழுத்தில் மாலையோடு ஒரு பெண்ணும் அவளுடைய அப்பாவும் வந்து காரில் ஏறினார்கள். கார் போகிற வரைக்கும் பூபாலன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீயும் வர்றியா?” என்றான்.

“எங்க?” என்றாள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

“கேக்குறியே ரூத்து.”

“அம்மா தனியா கீது பூபாலா.”

அவன் தலையை ஆட்டினான். எதிர்பார்த்த பதில்தான், ஆனாலும் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்திருக்கிறது. அவள், இன்னொரு தடவை கேட்பான் என்று காத்திருந்தாள். கேட்டால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. ஆனால் அவன் கேட்டது வேறு. கல்யாணம் முடிந்ததும் அந்தப் பெட்டிகளை அவர்களே எடுத்து அனுப்புவார்களா, நாம் வந்து எடுக்க வேண்டுமா என்றான். நாம்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று அவள் சொன்னாள். பஸ் வரும்வரை அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். கடப்பாரை அவர்களிடம் இருக்குமா, மூங்கிலை யார் பிடுங்குவது, ரெசினைச் சூடு காட்டினால் இளகுமா என்று.

அன்று ராத்திரி மார்கரெட் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. உபவாசத்தை முடித்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். கேட்டிருக்கலாம், ஊரோடு இல்லாவிட்டால் என்ன, போய்ச் சேர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்றும் சொல்கிறார்கள். மீதிப் பாதி, அவள் பட்ட பாடு அவளுக்கு என்கிறது. கன்னியம்மா இரண்டு பக்கமும் பேசுவாள், எந்தப் பக்கத்து ஆள் இட்லி வாங்க வந்தாரோ அதைப் பொறுத்து.

வாசுதேவன் சொன்னபடியே மாடியைப் பூட்டினார். இப்போது திருவள்ளூரில் மகனோடு இருக்கிறார். பூபாலன் பொங்கல் முடிந்ததும் பினாங்கு போனான். வழியனுப்ப ரூத் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து அக்கா புருஷன் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணப் போட்டோவை எல்லாருக்கும் அனுப்பினான், ரூத்துக்கு மட்டும் அனுப்பவில்லை. அவள் அதை இட்லிக்கடையில் கன்னியம்மா போனில் பார்த்தாள். நல்லா கீது, பொண்ணு லட்சணமா கீது என்று சொல்லிவிட்டு, பார்சலை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வருஷமே ரூத்துக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. மார்கரெட் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வீட்டைப் பூட்டி, சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, மகளோடு பஸ் ஏறினாள். அங்கே ரூத் தேவசகாயம் என்பவரைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு வேலை கோலார் பக்கம், சனி ஞாயிறில்தான் வீட்டுக்கு வருகிறாராம். எங்கள் தெருவில் மார்கரெட் பூட்டிவிட்டுப் போன வீட்டில் இப்போது மறைமலைநகர் தொழிற்சாலைக்குப் போகிற பையன்கள் குடியிருக்கிறார்கள்.